மாமா எழுதுகிறார், எழுதியதைப் படிக்க முடியவில்லை

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். என் மாமனாருக்கு வயது 67, முப்பது வருஷத்துக்கு மேல் பத்திர எழுத்தராக இருந்தவர். மூன்று மாதம் முன்பு ஸ்ட்ரோக் வந்தது. கை, கால், பேச்சு எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை என்கிறார். கண் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி மாற்றினோம், பிரயோஜனம் இல்லை. விசித்திரம் என்னவென்றால், எழுதுகிறார். பெயர், விலாசம், 'இன்னாருக்கு இன்னார் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம்' என்று முழு வரியும் பழைய கையெழுத்திலேயே எழுதுகிறார். கொஞ்ச நேரம் கழித்து அதே தாளை நீட்டினால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லையாம். ஆட்களைத் தெரிகிறது, சாமான்களைத் தெரிகிறது. காலையில் பேப்பரைப் பார்த்ததும் 'தந்தி வந்துடுச்சா' என்று எடுக்கிறார், தலைப்பைப் படிக்கச் சொன்னால் முழிக்கிறார். என் நாத்தனார், 'அப்பா வேலைக்குப் போகப் பிடிக்காம நடிக்கிறார்' என்கிறார். ஒன்பதாவது படிக்கும் என் பெண், 'மூளை எழுத்தைவிடப் படத்தை 60,000 மடங்கு வேகமாகப் புரிஞ்சுக்கும்னு ஸ்கூல்ல பிபிடி போட்டாங்க' என்று சொல்லி, எல்.கே.ஜி. படப் புத்தகத்தை வெட்டி ஒட்டி மாத்திரை சார்ட் செய்தாள். மாமா அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். அவர் நடிக்கிறாரா? படம் உதவுமா? திரும்பப் படிப்பாரா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நடிக்கவில்லை. இதை முதலில் உங்கள் நாத்தனாரிடம் சொல்லிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். படிக்க வராதது மாதிரி நடிக்க நினைக்கிறவர் எழுதவும் வராதது மாதிரிதான் நடிப்பார். எழுத வருகிறது, எழுதியதைப் படிக்க வரவில்லை என்று ஒரு நோயை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க யாருக்கும் தோன்றாது, தோன்றினாலும் வீட்டில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

மாமாவை நான் நேரில் பார்க்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. கடிதத்தில் இருப்பதை வைத்துத்தான் சொல்கிறேன், மூளை நரம்பு மருத்துவர் பார்த்துதான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, ஸ்பீச் தெரபி படிக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் 'ப்யூர் அலெக்ஸியா' என்று நடத்தும் பாடத்தோடு அப்படியே பொருந்துகிறது. பேச்சு கெடாது, எழுத்து கெடாது, ஞாபகம் கெடாது, வாசிப்பு மட்டும் போய்விடும். இதை ஏறக்குறைய 130 வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். எழுதியவர் பிரெஞ்சுக்கார நரம்பு மருத்துவர், புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு அவர் பெயரைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது: ஜூல் டெஜெரின்.

1887இல் பாரிஸில் ஓய்வுபெற்ற வியாபாரி ஒருவருக்குத் திடீரென்று எழுத்து எதுவும் புரியாமல் போனது. உங்களை மாதிரியே அவரும் கண்ணாடியில்தான் கோளாறு என்று நினைத்துக் கண் மருத்துவரிடம் போனார். அந்தக் கண் மருத்துவர் கெட்டிக்காரர், சோதித்துப் பார்த்துவிட்டு டெஜெரினிடம் அனுப்பினார். அந்த மனிதர் நன்றாகப் பேசினார், எழுதினார், எண்களை அடையாளம் சொன்னார், கணக்குப் போட்டார், ஆனால் தன் கையால் எழுதியதையே படிக்க முடியவில்லை. தினம் வாங்கும் பேப்பரை அதன் அமைப்பை வைத்து இன்ன பேப்பர் என்று சொல்லிவிடுவார், அதன் பெயரில் இருக்கிற எழுத்து ஒன்றைக்கூடச் சொல்ல வராது. உங்கள் வீட்டுத் தந்தி விஷயம்தான். மாமா அந்தப் பெயரைப் படித்துச் சொல்லவில்லை, ஒரு முகத்தைப் பார்த்து 'இவர் இன்னார்' என்று சொல்வது மாதிரி பேப்பரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அந்தப் பாரிஸ்காரர் 1892இல் இறந்த பிறகு அவர் மூளையைப் பரிசோதித்தபோதுதான் எங்கே அடிபட்டிருந்தது என்று தெரிந்தது.

அது எங்கே என்றால், மூளையின் பின்பக்கத்தில். பார்ப்பதற்கான பகுதி அங்கே இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று இருக்கிறது. இடது பகுதி நமக்கு முன்னால் இருப்பதில் வலது பாதியைப் பார்க்கும், வலது பகுதி இடது பாதியைப் பார்க்கும். எழுத்துக் கூட்டத்தைப் பார்த்த கணத்தில் 'இது இந்தச் சொல்' என்று பிடிக்கிற இடமோ பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கத்தில் மட்டும்தான் உண்டு, காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பாகத்தில். தமிழ் படிக்கிறவருக்கும் பிரெஞ்சு படிக்கிறவருக்கும் சீனம் படிக்கிறவருக்கும் ஏறத்தாழ அதே இடம்தான். மாமாவுக்கு வந்த மாதிரி ஸ்ட்ரோக்கில் இடது பக்கப் பார்வைப் பகுதி அடிபடுகிறது, கூடவே வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புக் கட்டும் அறுபடுகிறது. கெடிலத்தில் வெள்ளம் வந்து பாலம் போய்விட்டால் இக்கரையில் இருப்பவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அக்கரையில் இருப்பவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இங்கிருந்து கடிதம் மட்டும் அங்கே போய்ச் சேராது. அதுதான் நடந்திருக்கிறது. வலது பக்கம் எழுத்தைப் பார்க்கிறது, இடது பக்கம் சொற்களை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எழுதுவதற்கு இந்தப் பாலமே தேவையில்லை, ஏனென்றால் சொல்லும் அக்கரையில், கைக்கு உத்தரவு போடுவதும் அக்கரையில்.

சரி, அப்படியானால் டம்ளரையும் பேத்தியையும் மட்டும் எப்படித் தெரிகிறது என்று கேட்பீர்கள். பொருளையும் முகத்தையும் அடையாளம் காணும் வேலையை மூளையின் இரண்டு பக்கமும் செய்கின்றன, வலது பக்கம் தனியாகவே 'இது குடிக்கிற பாத்திரம்' என்று தெரிந்துகொள்ளும். முகம், மரம், பாம்பு, பழம் எல்லாம் மனிதன் லட்சக்கணக்கான வருஷமாகப் பார்த்துவருபவை. எழுத்து வந்து சுமார் 5,000 வருஷம்தான் ஆகிறது, ஊரில் எல்லோரும் படிக்க ஆரம்பித்தது நம் தாத்தா பாட்டி காலத்துக்குப் பிறகு. படிப்பதற்கென்று பிறவியிலேயே மூளையில் இடம் ஒதுக்கப்படவில்லை. பொருளைப் பார்க்கிற பகுதியில் ஒரு மூலையைப் பள்ளிக்கூடத்தில் அ, ஆ சொல்லிச்சொல்லி நாம்தான் வாசிப்புக்கு மாற்றிக்கொள்கிறோம். ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு 2010இல் படித்தவர்களையும் பள்ளிக்கே போகாதவர்களையும் ஸ்கேனில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. எந்த அளவுக்கு வாசிப்பு கைவந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அந்த மூலை எழுத்தைப் பார்த்ததும் துள்ளி எழுகிறது என்று கண்டார்கள். இதற்கு நேர் எதிரான நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் சீப்பின் படத்தைக் காட்டினால் 'ஏதோ பல்லு பல்லா இருக்கு' என்பார்கள், பக்கத்தில் 'சீப்பு' என்று எழுதிக் காட்டினால் டக்கென்று படித்துவிடுவார்கள். ஒரே கண்தான், உள்ளே போனபின் வழி வேறு.

இனி உங்கள் பெண்ணின் 60,000 மடங்கு. அவளைக் கோபிக்காதீர்கள், தாத்தாவுக்காக உட்கார்ந்து கத்தரிக்கோல் பிடித்த பிள்ளை. ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் எந்த ஆராய்ச்சியும் கிடையாது. விளம்பரக்காரர்களும் பிபிடி போடுகிறவர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே வருகிறார்கள். அவளையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று பிடிக்க ஒரு விநாடியில் ஆயிரத்தில் 13 பங்கு நேரம் அது கண்முன் வந்துபோனாலே பல சமயம் போதும் என்று அமெரிக்காவில் மேரி பாட்டர் என்ற உளவியலாளரின் குழு 2014இல் காட்டியது. அதை 60,000ஆல் பெருக்கினால் 780 விநாடி, அதாவது 13 நிமிஷம். ஒரு சொல்லைப் படிக்க 13 நிமிஷம் ஆகும் என்றால் அவள் பரீட்சை வினாத்தாளை எப்போது படித்து முடிப்பது? பழகிய வாசகர் ஒரு சொல்லின் மேல் கண்ணை நிறுத்துவது சுமார் கால் விநாடிதான்.

படம் வேகமா, எழுத்து வேகமா என்று மொட்டையாகக் கேட்டால் பதிலே கிடையாது, என்ன வேலைக்கு என்று கேட்க வேண்டும். கடலூர் முதுநகர் மீன் கடையில் நின்று பாருங்கள். எதிரே கிடப்பது மீன், சாப்பிடுகிற சாமான், பெரியது, புதுசு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வஞ்சிரமா, பாறையா, சங்கராவா என்று பெயர் சொல்ல ஒரு நொடி தடுமாறுவோம், பழக்கமில்லாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். அதே கடையில் அட்டையில் 'வஞ்சிரம்' என்று எழுதியிருந்தால் மீன் வாசனையே ஆகாத ஆள்கூடத் தடங்கலில்லாமல் வாய்விட்டுப் படித்துவிடுவார், அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மீன் விற்கிற அம்மா பள்ளிக்கே போகாதவராக இருப்பார், அட்டை அவருக்குக் கோடும் சுழியும்தான், கூடையைப் பார்த்துப் பத்து மீனுக்குப் பெயர் சொல்லுவார். படம் நேராகப் பொருளுக்குப் போகிறது, பெயர் அதற்குப் பிறகு வருகிறது. எழுத்து நேராகப் பெயருக்குப் போகிறது, பொருள் கூடவோ கொஞ்சம் பின்னாலோ வருகிறது. பொருளின் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதைவிட எழுதிய சொல்லை வாய்விட்டுப் படிப்பது வேகம் என்று ஜேம்ஸ் கேட்டல் என்ற உளவியலாளர் 1886லேயே அளந்து சொல்லிவிட்டார். இது எந்த வகைப் பொருள் என்று கேட்டால் படத்துக்குத்தான் வேகம் அதிகம், அதைப் பாட்டர் 1975இல் காட்டினார்.

ஞாபகத்தில் மட்டும் படத்தின் கை ஓங்கியிருக்கிறது, சந்தேகமே இல்லை. 1967இல் ராஜர் ஷெப்பர்ட் என்பவர் சுமார் 600 படங்களைக் காட்டிவிட்டு, பார்த்த படத்தையும் பார்க்காத படத்தையும் ஜோடியாக வைத்து எது பார்த்தது என்று கேட்டார். 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். சொற்களுக்கு 90, வாக்கியங்களுக்கு 88. படத்தைப் பார்க்கும்போது உருவமும் பதிகிறது, மனசுக்குள் பெயரும் பதிகிறது, இரண்டில் ஒன்று அழிந்தாலும் இன்னொன்று கைகொடுக்கிறது என்று கனடாவின் ஆலன் பைவியோ இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். முழுசாக எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, இருந்தாலும் எங்கள் வேலைக்கு அது நன்றாகவே உதவுகிறது. மாமாவுக்குப் படம் உதவுமா என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. உதவும், வாயால் சொன்ன சொல்லோடு சேர்த்துக் கொடுத்தால்.

படத்தைத் தனியாகத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். 'வேண்டாம்' என்று சொல்லப் படத்துக்குத் தெரியாது. 'முன்னால்', 'பின்னால்', 'தலைசுற்றினால் மட்டும்', 'இதற்குப் பதில் அது' எதுவுமே தெரியாது. பி.பி. இருக்கிற ஒருவருக்கு ஊறுகாய் ஜாடியை வரைந்து குறுக்கே சிவப்பில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அடுத்த முறை வந்தவர், 'நீங்க சொன்ன மாதிரி ஊறுகாய் சேத்துக்கிறேன்' என்றார். ஜாடி நன்றாக மனசில் பதிந்துவிட்டது, குறி உதிர்ந்துபோனது. இன்னொருவர் ராத்திரி மாத்திரைக்குப் போட்டிருந்த நிலாவைக் காட்டி, 'அமாவாசைக்கு லீவா?' என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார், ஆனாலும் கேள்வி நியாயம். சூரியன் படம் காலையா மத்தியானமா என்று யார் சொல்வது?

கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று வருஷா வருஷம் கேட்கிறோம். 1லிருந்து 11 வரை எச்சரிக்கை உண்டு, பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும், ராத்திரியில் விளக்கு. கொடிமரத்தைப் பார்த்து நேரடியாக அர்த்தம் சொல்ல எத்தனை பேருக்குத் தெரியும்? '3ஆம் எண் கூண்டு' என்று டிவி சொன்னால்தான் நமக்குப் புரிகிறது. தேர்தல் சின்னமும் அப்படித்தான். 1951–52 முதல் பொதுத் தேர்தலிலேயே படிக்காதவர்களுக்காகச் சின்னம் வந்துவிட்டது, ஆனால் சின்னம் தானாகப் பேசிவிடவில்லை, தெருத்தெருவாக மைக் கட்டி 'இது இன்னாருடைய சின்னம்' என்று காது புளிக்கச் சொன்னதால்தான் வேலை செய்கிறது. பெண்ணின் சார்ட்டில் குறை அங்கேதான்: மாமாவிடம் கேட்காமல், சொல்லாமல், செய்து முடித்து ஒட்டியது.

மாமா கிழித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கும். ஊர்ப்பட்ட சொத்துக்கெல்லாம் நான்கெல்லை எழுதிக்கொடுத்த மனுஷருக்கு முன்னால் அணில், ஆப்பிள் என்று எல்.கே.ஜி. படம் வைத்தால் கிழிக்காமல் என்ன செய்வார்? அவருக்கு அறிவு குறையவில்லை, ஒரு வாசல் அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே வரைந்த படமே வேண்டாம், போட்டோ எடுங்கள். அவர் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளர், அதற்குப் பக்கத்தில் காலை மாத்திரையின் அதே அட்டை. மத்தியானத்துக்கு அவர் சாப்பிடும் தட்டு, தட்டில் சோறு முடிந்த நிலையில், ஏனென்றால் அது சாப்பிட்டபின் போடுகிற மாத்திரை. ராத்திரிக்கு அவர் படுக்கிற கட்டில். எந்த மாத்திரைக்கு எந்தப் படம் என்று அவரே சொல்லட்டும், பேத்தி போனில் எடுக்கட்டும், ஒட்டும்போது அவரையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: 'காபி குடிச்சதும் இது ஒண்ணு.' மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்துவிட்டால் அட்டையின் நிறமும் உருவமும் மாறிவிடும், அன்றைக்கே போட்டோவையும் மாற்றுங்கள், இல்லையென்றால் சார்ட் பொய் சொல்லும். என்ன சார்ட் போட்டாலும் மாத்திரையை வீட்டில் ஒருவர் பார்த்துக் கொடுப்பதை இப்போதைக்கு விடவேண்டாம்.

எண் தெரிகிறதா என்று பாருங்கள். எழுத்து போனவர்கள் பலருக்கு 1, 2, 3 ஓரளவு தங்கிவிடும், பாரிஸ்காரருக்கும் அப்படித்தான். தினசரி காலண்டரின் பெரிய தேதியைக் காட்டிக் கேளுங்கள், ரூபாய் நோட்டைக் கொடுத்துக் கேளுங்கள், ஆனால் நோட்டை அதன் நிறத்தை வைத்துச் சொல்கிறாரா எண்ணைப் பார்த்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். எண் தெரிந்தால் பெரிய விஷயம், 8, 1, 8 என்று மணியைப் பெரிதாகப் போட்டோ மேலே எழுதிவிடலாம்.

நிறத்தைப் பற்றித் தனியாக ஒன்று. 'சிவப்பு மாத்திரை காலையில, மஞ்சள் மாத்திரை ராத்திரியில' என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வகை ஸ்ட்ரோக்கில் சிலருக்கு நிறத்தின் பெயரும் எழுத்து போன வழியிலேயே போய்விடும். இரண்டு சிவப்பு நூலைச் சரியாக ஜோடி சேர்ப்பார்கள், 'இது என்ன நிறம்' என்றால் பச்சை என்பார்கள், 'சிவப்பை எடுங்க' என்றால் நீலத்தை எடுப்பார்கள். ஆகவே நிறத்தை நம்பி மாத்திரை சொல்வதற்கு முன் இதையும் சோதித்துவிடுங்கள்.

பார்வையில் வேறொரு கோளாறும் இருக்கலாம், உங்கள் கடிதத்தில் அது இல்லை, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இடது பக்க மூளையில் அடிபட்டால் இரண்டு கண்ணிலும் வலது பாதி தெரியாமல் போவது இந்த நோயில் மிகச் சகஜம். நிலைப்படியில் வலது தோள் இடிக்கிறதா, வலது பக்கம் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தேடுகிறாரா என்று பாருங்கள். புதுக் கண்ணாடியால் இது சரியாகாது. கண் மருத்துவரிடம் 'ஃபீல்டு டெஸ்ட்' என்று கேட்டு எடுங்கள். தெரியாத பக்கம் வலது என்றால் சார்ட்டை அவர் நாற்காலிக்கு இடது கைப் பக்கம் மாட்டுங்கள். அதைவிட முக்கியம், ஸ்கூட்டர் சாவியை வாங்கி வையுங்கள், தெருவைத் தனியாகக் கடக்கவும் விடாதீர்கள். நம் ஊரில் வண்டிகள் சாலையின் இடது ஓரமாகப் போகின்றன, நாம் தெருவில் கால் வைத்ததும் முதலில் வருகிற வண்டி நமக்கு வலது பக்கத்திலிருந்துதான் வரும். அவருக்குத் தெரியாத பக்கமும் அதுதான். பாண்டி பஸ்கள் வருகிற வேகம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கையெழுத்து விஷயத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. மாமா கையெழுத்துப் போடுவார், பழைய மாதிரியே போடுவார், பார்க்கிறவர் அவர் படித்துப் பார்த்துப் போட்டதாகத்தான் நினைப்பார். வேறு யாரும் இல்லை, பத்திர எழுத்தர். செக், வங்கிப் படிவம், சொத்துத் தாள் எதுவானாலும் நீங்களோ உங்கள் கணவரோ முழுசாக அவருக்குப் படித்துக் காட்டி, அவர் புரிந்ததைத் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகு போடட்டும். அவருக்குச் சட்டம் உங்களைவிடத் தெரியும், காதால் கேட்டால் போதும், ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவார். போன் கேமராவை எழுத்தின் மேல் காட்டினால் தமிழில் வாசித்துச் சொல்லும் வசதியும் இப்போது இருக்கிறது, பேத்தி சொல்லிக்கொடுக்கட்டும். அவளுடைய ஆசைக்கு அதுவே நல்ல வேலை.

திரும்பப் படிப்பாரா என்றால், பழைய வேகத்தில் வருவது அபூர்வம். பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் எழுத்தெழுத்தாகவாவது திரும்ப வாசிக்கிறார்கள், முதல் சில மாதங்களில் முன்னேற்றம் நன்றாகவே இருக்கும், மூன்றாவது மாதம் என்பது தாமதமே இல்லை. எழுத்தெழுத்தாகப் படிக்கும்போது சொல் நீள நீள நேரம் ஏறும். நமக்கு 'கை'யும் 'கிரயம்' என்பதும் ஏறத்தாழ ஒரே பார்வை, அவருக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாக நேரம் ஆகும். தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. 'கொக்கு' என்று எழுதினால் கொம்பு முதலில் நிற்கிறது, அதன் ஓசை ககரத்துக்குப் பின்னால் வருகிறது, துணைக்கால் அந்தப் பக்கம் தனியாக நிற்கிறது. ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறவர் கொம்பில் தொடங்கிக் குழம்பிப்போவார். அதனால் ஆரம்பத்தில் எ, ஏ, ஐ, ஒ, ஓ குறிகள் ஏறிய எழுத்துகளைத் தள்ளிவைத்துவிட்டு 'மரம்', 'படம்', 'பால்', 'வீடு' மாதிரிச் சொற்களில் தொடங்குங்கள்.

கைதான் அவருக்கு இருக்கிற பெரிய சொத்து. அந்தப் பாரிஸ்காரர் எழுத்தின் மேல் விரலை ஓட்டினால் அது என்ன எழுத்து என்று சொல்லிவிடுவாராம், கண் வழியாகப் போகாதது கையின் அசைவு வழியாகப் போனது. மாமாவையும் அப்படிச் செய்யச் சொல்லுங்கள். பெரிதாக ஒரு 'ம' எழுதி, அவர் ஆள்காட்டி விரலால் அதன் மேலேயே ஓட்டட்டும், அல்லது உள்ளங்கையில் நீங்கள் எழுதுங்கள், அவர் சொல்லட்டும். முப்பது வருஷம் பத்திரம் எழுதிய விரல், அதற்குத் தெரியாத எழுத்து கிடையாது. ண, ன என்று சுழி மட்டும் மாறுகிற எழுத்துகளில் கண் ஏமாறும் இடத்தில் விரல் எண்ணிவிடும். இது பழகியபின் நான்கைந்து வரிப் பத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே தினமும் சத்தமாகத் திரும்பத்திரும்பப் படிக்க வைக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது, அடுத்த பத்தி கொஞ்சம் வேகமாக வரும். கதைப் புத்தகம் வேண்டாம், அவருக்கு மனப்பாடமான பத்திர வாசகத்தையே கொடுங்கள், 'கிழக்கே', 'மேற்கே' என்று அடுத்த சொல் என்னவென்று அவருக்குத் தெரியும், பாதி பாரத்தை ஞாபகம் சுமக்கும். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிஷம், காலையில், டிவியை அணைத்துவிட்டு. களைப்பில் இருக்கும்போது வற்புறுத்தினால் திரும்பவும் கிழிப்பார்.

உங்கள் கணவருக்கு லீவு கிடைக்கிற நாளில் ஜிப்மர் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள், அல்லது கடலூர் அரசு மருத்துவமனையில் ஏற்கனவே பார்த்த மருத்துவரிடமே போய் 'படிப்பு மட்டும் போயிருக்கிறது' என்று தெளிவாகச் சொல்லி ஸ்பீச் தெரபிக்கு எழுதி வாங்குங்கள். பேச்சு நன்றாக இருப்பவரை ஸ்பீச் தெரபிக்கு அனுப்ப யாருக்கும் தோன்றாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் பிலிம் எல்லாவற்றோடும் மாமா எழுதிய தாள் ஒன்றையும் மறக்காமல் கொண்டுபோங்கள், தேதி போட்டு. அங்கே மருத்துவர் முன்னால் அவரையே ஒரு வரி எழுதவைத்து, கொஞ்சம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நாத்தனாரையும் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.